ராயனுக்கு ரொம்பத்தான்

பொன்னாடையைப் போத்திவிட்டுக் காதுகிட்டக் குனிஞ்சு, "மேடத்துக்கு எங்க ஊரு இதுதான் முதல் தடவையா?"ன்னு கேட்டார் பாருங்க, அந்த இடத்துலயே நான் நிக்கேன். மேடையில உக்காந்தாச்சு, தண்ணி பாட்டிலைத் திறந்து வச்சாச்சு, கிறிஸ்டில்டாங்கிற அந்தப் பொண்ணு எந்திரிச்சு நின்னு தன் ஆய்வேட்டுச் சுருக்கத்தைப் படிக்க ஆரம்பிச்சாச்சு, நான் மட்டும் இன்னும் அந்தக் கேள்விக்குள்ளயே நிக்கேன். முதல் தடவையாம்ல. பாளையங்கோட்டையில பொறந்து, இதே கல்லூரியில கிரேக்கம் படிச்சு, இதே ஹால்ல, இப்ப அந்தப் பொண்ணு நிக்கிற அதே மர ஸ்டாண்டுக்குப் பின்னால நின்னவ நான். என் ஆய்வைத் தேறாதுன்னு தள்ளிவிட்டவர் இதே மனுஷன்தான். அவருக்கு நெனவு இல்லை. நடிக்காரோன்னு மொதல்ல நெனச்சேன். நடிப்பு இல்லை. அந்தக் கண்ணுல ஒண்ணுமே இல்லை, பஸ்ல பக்கத்து சீட்டுக்காரியைப் பார்க்கிற பார்வைதான். அன்னைக்கு என் ஆய்வைச் சோதிக்க வந்த டாக்டர் அருமைநாயகம், இன்னைக்கு இந்தப் பொண்ணோட நெறியாளர். நான் பெங்களூருல இருந்து வந்த புறத்தேர்வாளர். அன்னைக்கு முழுக்க என்னை 'இந்தப் பொண்ணு', 'இந்தப் பொண்ணு'ன்னுதான் சொன்னார், பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தாத்தானே பேரு மனசுல நிக்கும். பிறகு எனக்குக் கல்யாணம் ஆச்சு, இன்ஷியல் மாறிச்சு, தலை நரைச்சுது, கண்ணாடி வந்துது, வேற ஊருல வேற தலைப்புல பட்டம் வாங்கி டாக்டர் எப்சிபா தியோடரா வந்து உக்காந்திருக்கேன். அவன் மறந்துட்டான். பேதியில போவான், மறந்தே போயிட்டான். இத்தனை காலம் ஒருத்தனை மனசுல வச்சுக் கருவிக்கிட்டே இருந்திருக்கேன், அவனுக்கு நான் யாருன்னே தெரியலை. இந்த அவமானத்தை எங்க போய்ச் சொல்ல? சிரிச்சேன். "ஆமா சார், முதல் தடவை"ன்னு சொன்னேன்.

"லியான்"ன்னு மைக்குல சொன்னா அந்தப் பொண்ணு. நான் சொன்னதுக்குப் பிறகு இந்த ஹால்ல அந்தச் சொல்லை யாரும் சத்தமாச் சொல்லியிருக்க மாட்டாங்க. பழைய கிரேக்கத்துல ஒரு சின்னச் சொல்லு. முன்வரிசையில கொட்டாவி விடுற பெரியவங்களுக்கு அதுக்கு அர்த்தம் 'மிகவும்', அவ்வளவுதான், தாண்டிப் போயிருவாங்க. என் வயசைத் தின்ன சொல்லு அது. ரொம்பப் பழைய பாட்டுகள்ல அது 'மிகவும்' இல்லை, 'மட்டு மீறி'. ஒருத்தன் கோபத்துல கொதிச்சுக்கிட்டிருக்கும்போது பக்கத்துல நிக்கிறவன், இவ்வளவு வேண்டாம்யா, போதும்யான்னு கையைப் பிடிப்பான் பாருங்க, அந்த மிஞ்சல்தான் லியான். அதே பாட்டுகள்ல அதுக்கு முன்னால நம்ம 'உம்' மாதிரி ஒரு சின்னச் சொல்லைச் சேர்த்துட்டா குணமே மாறிரும், "ஆமா பின்னே! அதுல என்ன சந்தேகம்!"னு நெஞ்சைத் தட்டிச் சொல்ற சொல்லாயிரும். எங்க இருந்து வந்துதுன்னு யாருக்கும் உறுதியாத் தெரியாது, வேர் தெரியாத சொல்லு. பிறகு நகரத்துக்காரங்க அதைப் பேசினாங்க, நாடகத்துல பேசினாங்க, வழக்காடுற இடத்துல பேசினாங்க, பேசப் பேச மிஞ்சல் தேஞ்சுது. பிறகு சந்தையில கப்பல்காரனும் கடைக்காரனும் பேசின கிரேக்கத்துல அது வெறும் 'மிக'. மிக உயரமான மலை, மிக அதிகாலை, மிகச் சந்தோஷம். பழைய மிளகாய் வத்தல் மாதிரி, நெறம் இருக்கும், உறைப்பு இருக்காது. நடுவுல ஒரே ஒரு ஆளு, வேதத்துல கடிதம் எழுதினவர், தங்களைப் பெரிய கொம்பன்னு நெனச்சுக்கிட்டுத் திரிஞ்ச பிரசங்கிமாரைக் கிண்டல் பண்ண, அந்தச் சொல்லு தலையில இன்னொரு 'மேல'யை ஒட்டி, 'மிகமிஞ்சின பெரியவங்க'ன்னு எழுதிப் போட்டார். எவ்வளவு கடுப்புல இருந்திருக்கணும் மனுஷன். எனக்குப் பயமே அதுதான், கோபமும் இப்படித்தான் தேஞ்சு போகுமோன்னு. 'அவர் மேல எனக்கு ரொம்பக் கோபம்'னு ஒரு நாள் சாதாரணமாச் சொல்லிட்டு அடுத்த பேச்சுக்குப் போயிருவேனோன்னு பயந்து பயந்து, அப்பப்ப அதை எடுத்து வெயில்ல காயப்போட்டுத் திரும்ப டப்பாவுல அடைச்சு வச்சிருக்கேன். உறைப்பு போகலை. இந்தா, இப்ப நாக்குல வச்சுப் பார்க்கேன், கண்ணுல தண்ணி வருது.

ஃபேன் அதே ஃபேன்தான் போல, அதே கடகட சத்தம். நெறியாளர் கண்ணை மூடித் தலையை ஆட்டி ரசிக்கார். ரசி ராசா, ரசி. அந்தப் பொண்ணு மூணாம் அத்தியாயத்துக்கு வந்துட்டா, குரல் உள்ளே போகுது, அடுத்த வீட்டுக் கடிதாசியைப் படிக்கிற மாதிரி குனிஞ்சு வேகமாப் படிக்கா. "தமிழில் இதற்கு நிகரான சொல் ரொம்ப"ங்கா. ஏட்டி, அது உனக்கு எப்படித் தெரியும்? அது எனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு உனக்குத் தெரியுமா? சால, உறு, தவ, நனி, கூர், கழின்னு மிகுதிக்கு இலக்கணக்காரங்க வரிசையா வச்சிருக்காங்க, எல்லாத்தையும் அந்த லியானுக்குப் பக்கத்துல வச்சுப் பார்த்துட்டு ஒண்ணும் ஒட்டலைன்னு தலையில கை வச்சு உக்காந்திருந்தேன். எல்லாச் சொல்லும் நல்ல பிள்ளையா இருந்துது. அப்ப எங்கம்மா பொறவாசல்ல நின்னு சேவலை ஏசிக்கிட்டிருந்தா. எங்க வீட்டுச் சேவலுக்கு ராயன்னு பேரு. சர்ச்சுல ரோமாபுரி ராயனைப் பத்திப் பாதிரி ஐயர் பிரசங்கம் பண்ணினதைக் கேட்டுட்டு வந்து, அதோட நடையைப் பார்த்து எங்கம்மா வச்ச பேரு. கழுத்தைத் தூக்கிக்கிட்டு, காயப்போட்ட நெல்லுல நடந்து, கூடையைக் கவுத்துன்னு அது பண்ணின அட்டூழியம் கொஞ்சமில்லை. "ராயனுக்கு ரொம்பத்தான்! கழுத்தைத் திருகினாத்தான் அடங்குவான்!"னு எங்கம்மா வெளக்கமாத்தை ஓங்கினா. என் கையில இருந்த காப்பி அப்படியே நின்னுட்டு. ரொம்பத்தான்! அட, இதுதானே! நிரம்பங்கிறதுல இருந்து வந்த சொல்லு, நிரம்பிப் பிறகு வழிஞ்ச சொல்லு. 'ரொம்ப நன்றி'ன்னா மிக. 'ரொம்பப் பண்ணாத'ன்னா மட்டு மீறி. 'அவ நல்லவளா'ன்னு கேட்டதுக்கு 'ரொம்ப'ன்னு இழுத்துட்டா அவ மானமே போச்சு. கிரேக்கத்துக்காரன் ஒரு அர்த்தத்துல இருந்து இன்னொரு அர்த்தத்துக்கு வர எத்தனையோ தலைமுறை ஆச்சு, எங்கம்மா வாயில அத்தனையும் ஒரே காலையில ஒண்ணாக் கெடந்துது. அன்னைக்கு நான் அடுக்களையில குதிச்ச குதியைப் பார்த்துட்டு, "ஏட்டி எப்சி, உனக்கும் ரொம்பத்தான் ஆகிப்போச்சு"ன்னா. அந்த வாக்கியத்தையும் ஆய்வேட்டுல போட்டேன். ராயன் வாக்கியத்தை மொத உதாரணமாப் போட்டேன். கீழே விளக்கம் எதுவும் போடலை, நம்ம ஊருல படிக்கிறவங்களுக்கு ஒரு சேவலை எதுக்கு விளக்கணும்னு விட்டுட்டேன்.

ராயன். ராயனை நெனச்சா அந்த மத்தியானம் வந்துரும், வராம இருக்காது, வேண்டாம்னு தள்ளினாலும் வரும். வைவாங்கிற வாய்மொழித் தேர்வு அன்னைக்குத் தேர்வாளருக்குச் சாப்பாடு போடுறது ஆய்வு பண்ணின பிள்ளை வீட்டு வேலை, இன்னைக்கும் அதான் வழக்கம், சட்டத்துல இல்லை, ஆனா போடாம இருந்து பாருங்க. எங்கம்மா கடைக்கறி வாங்க மாட்டேன்னுட்டா. "பெரிய மனுசன் வாராரு, பிராய்லரா போடுறது?"ன்னு விடியமுன்ன எந்திரிச்சு ராயனைப் பிடிச்சுக் கழுத்தைத் திருகினா. தெனமும் ஏசினவ, அன்னைக்குத் திருகிட்டு அதோட கொண்டையைத் தடவிக்கிட்டே உக்காந்திருந்தா. வறுத்து அரைச்சுக் கொழம்பு வச்சு, தூக்குவாளியில அடைச்சு, சூடு ஆறாம இருக்கத் துண்டைச் சுத்தி, இதே வராண்டாவுக்குத் தூக்கிக்கிட்டு வந்தா. வைவா சாப்பாட்டுக்குப் பிறகுன்னு வச்சிருந்தாங்க. ஆசிரியர் அறையில இலை போட்டு, ரெண்டு தொடையையும் தேடி எடுத்து இவருக்கு வச்சா. இவரு தின்னார். எலும்பைக் கடிச்சு உறிஞ்சின சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. "கொழம்பு இன்னும் கொஞ்சம்"னார். "ரொம்ப நல்லா இருக்கும்மா, ரொம்ப நல்லா இருக்கு"ன்னு எங்கம்மாகிட்டச் சொன்னார். எங்கம்மாவுக்கு முகமெல்லாம் பல்லு. பிறகு ஹாலுக்கு வந்து, ஏப்பம் விட்டுட்டு, என் ஆய்வேட்டை ரெண்டு விரலால தூக்கிக் காட்டி, "ஒரு சொல்லுக்கு ஒரு ஆராய்ச்சியா? அதுவும் அடுக்களைத் தமிழை வச்சு? இந்தப் பொண்ணுக்கு வீட்டுல வேற வேலையே தரலையா?"ன்னு கேட்டார். ஹாலே சிரிச்சுது. சொல்லிக்கொடுத்த வாத்தியார்மாரும் சிரிச்சாங்க, கூடப் படிச்சவங்களும் சிரிச்சாங்க. "இது ரொம்ப அதிகம்மா"ன்னார், இன்னும் பலமாச் சிரிச்சாங்க. தள்ளிட்டுப் போயிட்டார். நான் வெளிய வந்தா, எங்கம்மா குழாயடியில தூக்குவாளியைக் கழுவிக்கிட்டே நிமிந்து பார்த்து, "என்னட்டி, நல்லா முடிஞ்சுதா? சிரிச்ச சத்தம் கேட்டுதே"ன்னா. நான் என்ன சொல்ல? "ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னாருல்லம்மா"ன்னேன். அவ சோத்தையும் படிப்பையும் சேர்த்துத்தான் சொன்னார்னு நெனச்சுக்கிட்டா. அப்படியே நெனச்சுக்கிட்டே செத்தும் போயிட்டா.

மதிப்பிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லி கிறிஸ்டில்டாவோட ஆய்வேடு என் வீட்டுக்கு வந்தப்ப, தலைப்பைப் பார்த்ததும் நேரா ரெண்டாம் அத்தியாயத்தைத் திறந்தேன். ரெண்டாம் அத்தியாயம் என்னோடது. வரிக்கு வரி என்னோடது. மூணாம் அத்தியாயமும் என்னோடது. தள்ளின ஆய்வேட்டோட பிரதியைத் தேர்வாளர் திருப்பித் தரணும், அவர் தரலை, வீட்டுலயே வச்சிருந்திருக்கார், அட்டையில இருந்த என் பேரை மட்டும் பார்க்கலை போல. பொருமிக்கிட்டே பக்கத்தைப் புரட்டினா, ராயன் வாரான். 'ராயனுக்கு ரொம்பத்தான். கழுத்தைத் திருகினாத்தான் அடங்குவான்.' அதுக்குக் கீழ ஒரு பக்கம் முழுக்க விளக்கம். ராயன்னா ரோமாபுரிச் சக்கரவர்த்தியாம். அவன் அகங்காரத்தை எதிர்த்து ஆதி விசுவாசிகள் மனசுக்குள்ள வச்சிருந்த கொதிப்பு, தென்தமிழ்நாட்டு ஏழைச் சனங்க நாக்குல வாய்மொழியாத் தங்கியிருக்காம். கழுத்தைத் திருகுறதுங்கிறது விடுதலைக் குறியீடாம். எம்மா! நான் பெங்களூரு வீட்டுல தனியா உக்காந்து தரையில உருண்டு சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே அழுதேன், அதுக்கு மேல ஒரு பக்கமும் படிக்கலை. வேதம் படிச்சவனுக்குத்தான் இந்தப் புத்தி வரும், எங்க ராயன்னு கண்டாலும் ரோமாபுரிக்குத்தான் போவான், கோழிக்கூட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டான். அப்பவே எழுதிப் போட்டிருக்கலாம், இது திருட்டுன்னு. ஒரு விசாரணைக் குழு போட்டு, மூடின அறையில வச்சு, மன்னிப்புன்னு ஒரு காகிதம் வாங்கி, தேநீர் குடிச்சுட்டுப் போயிருப்பாங்க. எனக்கு அது வேண்டாம். எனக்கு ஹால் வேணும். இந்த ஹால். சிரிப்பு வேணும். அதனால 'பொது வாய்மொழித் தேர்வுக்கு அனுப்பலாம்'னு நல்ல பிள்ளையா எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டு, ரயிலுக்குப் பதிவு பண்ணினேன்.

ஒரே ஒரு முள்ளு. இந்தப் பொண்ணு. இவளும் கூட்டா, இல்லை இவ தலையில அந்த ஆளு கட்டிவிட்டாரா, அது எனக்குத் தெரியலை. வாரப்போ வராண்டாவுல இவ அம்மாவைப் பார்த்தேன், ஜெபக்கனின்னு பேரு சொன்னா, பெரிய தூக்குவாளியும் கையுமா நிக்கா, வாளியைச் சுத்தித் துண்டு. "தூத்துக்குடியில ஒரு காலேஜுல வேலை தாரோம்னு இருக்காங்கம்மா, இந்தப் பட்டம் கையில வந்தாத்தான் சேர்த்துக்கிடுவாங்களாம்"னு நான் கேக்காமலேயே சொன்னா. எழவு, இதை ஏன் என்கிட்டச் சொன்னே? நான் அந்தாளு கழுத்துக்குத்தான் வந்தேன். ஆனா நான் இது திருட்டுன்னு வாயைத் திறந்தா மொதல்ல விழுறது இவ கழுத்து. அவரு நெறியாளர், 'பிள்ளை என்னை ஏமாத்திட்டா'ன்னு ஒரு வார்த்தையில கழண்டுக்குவார். விழட்டும்! எனக்கு விழலையா? எனக்காக யாரு யோசிச்சா? ... ம்ஹும். அந்தத் துண்டைச் சுத்தின வாளி கண்ணை விட்டுப் போக மாட்டேங்குது. அப்பப் பார்த்து அந்தப் பொண்ணு நாலாம் அத்தியாயத்துக்கு வந்தா. குனிஞ்ச தலை நிமிந்துது. தாளைப் பார்க்கலை, ஆளைப் பார்த்துப் பேசுதா. குரல்ல ஒரு துள்ளல். இன்னைக்குக் கிரேக்க நாட்டுல தெருவுல யாரும் இந்தச் சொல்லைப் பேசுறது இல்லை, அதுக்கு வேற சொல்லு வந்துட்டு, ஆனா ஒரே ஒரு இடத்துல இந்த லியான் இன்னும் உசிரோட இருக்குங்கா. எங்கன்னா, பல்கலைக்கழகத்துல மார்க் போடுற காகிதத்துல. பரீட்சையில நல்லாத் தேறின பிள்ளைக்கு 'லியான் கலோஸ்'னு எழுதிக் கொடுப்பாங்களாம். மிக நன்று. மட்டு மீறின கோபத்தைச் சொல்லப் பொறந்த சொல்லு கடைசியில ஒரு பிள்ளை முதுகைத் தட்டிக் கொடுத்துக்கிட்டுக் கெடக்குங்கா. எனக்குத் தெரியாது! சத்தியமா எனக்கு இது தெரியாது! இத்தனை வருஷம் இந்தச் சொல்லைக் கட்டிக்கிட்டு அழுதேன், பழைய பாட்டுலயும் பழைய கடிதத்துலயுமே தேடிக்கிட்டுக் கெடந்தேன், அது இன்னும் எங்கயாவது உசிரோட இருக்குமான்னு ஒரு நாளும் கேட்டதில்லை. இவ கேட்டிருக்கா. சவத்து மூதி, நல்லாத்தான் எழுதியிருக்கா. இந்த அத்தியாயத்தை அருமைநாயகம் எழுதியிருக்க முடியாது, அந்த மண்டைக்கு இது எட்டாது. அப்ப ரெண்டும் மூணும் இவளோடது இல்லைன்னு இவளுக்கும் தெரியும். தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு நிக்கா. நிக்காம என்ன செய்வா? நானும்தான் அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு நின்னேன்.

கைதட்டினாங்க. கேள்வி நேரம். பின்வரிசையில இருந்து ஒருத்தன் எந்திரிச்சு, உள்ளங்கையில இருந்த துண்டுச்சீட்டைப் பார்த்து, இந்த ஆய்வின் சமூகப் பயன் என்னன்னு கேட்டான். சொல்லிவச்ச கேள்வி, சொல்லிவச்ச பதில். எல்லா வைவாவுலயும் இந்தக் கூத்து உண்டு. இன்னும் ஒருத்தி எந்திரிச்சா, அவளும் சீட்டு. பிறகு கல்லூரி முதல்வர் என் பக்கம் திரும்பி, "புறத்தேர்வாளர் அம்மா"ன்னார். ஒரு மடக்குத் தண்ணி குடிச்சேன். "கிறிஸ்டில்டா, மூணாம் அத்தியாயத்துல ராயன்னு ஒரு வாக்கியம் வருது. கழுத்தைத் திருகினாத்தான் அடங்குவான்னு. அதை எங்க கேட்டம்மா?"ன்னேன். அவ நெறியாளரைப் பார்த்தா. அவரு லேசாத் தலையசைச்சார், சொல்லு சொல்லுன்னு. அவ என்னைப் பார்த்தா. பொய் சொல்லிராத பிள்ளே, பொய் சொல்லிட்டா உன்னையும் விட மாட்டேன், என்னால முடியாது. ஸ்டாண்டை இறுக்கிப் பிடிச்சா. "நான் கேக்கலை மேடம். ரெண்டாவதும் மூணாவதும் சார் தந்தாங்க. வேண்டாம்னு சொன்னேன், அப்படியே போடுன்னாங்க. நாலாவது மட்டுந்தான் மேடம் என்னோடது." சொல்லிட்டு அழலை. நான் அன்னைக்கு அழுதேன். முன்வரிசையில ஒரு கொட்டாவி பாதியில நின்னுது. அருமைநாயகம் சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சார். நெறியாளர் பேசக்கூடாது, அது மரபு, ஆனா எந்திரிப்பார்னு எனக்குத் தெரியும், அந்த வாயால சும்மா இருக்க முடியாது. "பிள்ளை பதறிட்டா மேடம். அது என் களப்பணி. ஒரு கிராமத்துல வயசான ஒரு விசுவாசி சொல்ல என் காதால கேட்டது"ன்னார். "ராயன்னா சார்?"ன்னேன். "ரோமச் சக்கரவர்த்தி மேடம். அதிகாரத்தோட மிஞ்சல். அதுக்கு எதிரான மக்கள் குரல். கழுத்தைத் திருகுறதுங்கிறது ஒரு குறியீடு." "குறியீடா சார்?" "ஆழமான குறியீடு மேடம்."

"சார், ராயன் எங்க வீட்டுச் சேவல்"ன்னேன். எவ்வளவு நாள் இந்த வாக்கியத்தை மனசுல ஒத்திகை பார்த்தேன், கத்திச் சொல்லணும்னு இருந்தேன், வந்தது சாதாரணக் குரல்தான். ஹால்ல யாருக்கும் ஒண்ணும் புரியலை. "பேரு வச்சது எங்கம்மா. கழுத்தைத் திருகினதும் எங்கம்மாதான். குறியீடெல்லாம் இல்லை சார், கொழம்புக்கு. இதே ஹால்ல எனக்கு வைவா நடந்த அன்னைக்கு, தேர்வாளரா வந்த உங்களுக்குச் சாப்பாடு போடத் திருகினா. ரெண்டு தொடையையும் உங்க இலையிலதான் வச்சா. ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லித் தின்னீங்க, பிறகு ஹாலுக்கு வந்து என் ஆய்வைத் தள்ளினீங்க, தள்ளினதைத் திருப்பித் தராம வீட்டுக்குக் கொண்டு போனீங்க. அந்த வாக்கியத்தை நீங்க எந்தக் கிராமத்துலயும் கேக்கலை சார். ராயனைத்தான் தின்னிருக்கீங்க." பிறகு பின்வரிசையில எவனோ ஒருத்தன் கொக்கரக்கோன்னு சத்தம் கொடுத்தான். அவ்வளவுதான், ஹாலு இடிஞ்சு விழுந்துது. முதல்வர் மேசையைத் தட்டுதார், அவரே வாயைக் கைக்குட்டையால பொத்திக்கிட்டுத்தான் தட்டுதார். அருமைநாயகம் என்னையே பார்த்துக்கிட்டு நின்னார். இப்ப அந்தக் கண்ணுல நான் இருந்தேன். "இந்தப் பொண்ணு..."ன்னு வாய்க்குள்ள சொன்னார். ஆமா சார், இந்தப் பொண்ணேதான். அந்தச் சிரிப்பு என் உடம்பு முழுக்க எறங்கிச்சு, பசி நேரத்துக் கஞ்சி மாதிரி எறங்கிச்சு, வெக்கமே இல்லாம அனுபவிச்சேன். போதுமா எப்சின்னு உள்ள ஒரு குரல் கேட்டுது, மட்டு மீறுதேன்னுது. மீறட்டும்.

சிரிக்காதவ ஒருத்திதான், அந்த ஸ்டாண்டுக்குப் பின்னால நின்னவ. காதுக்குள்ள தூத்துக்குடி வேலை போற சத்தம்தான் கேட்டிருக்கும் அவளுக்கு. அறிக்கையை இழுத்து எழுதினேன். பட்டம் தரலாம். தேர்ச்சிங்கிற இடத்துல 'லியான் கலோஸ்'னு தமிழ் எழுத்துலயே எழுதினேன், நாலாம் அத்தியாயத்துக்காகன்னு சேர்த்தேன். ஒரே ஒரு நிபந்தனை: ரெண்டாம் அத்தியாயமும் மூணாம் அத்தியாயமும் எங்க இருந்து எடுத்ததுன்னு, இந்தக் கல்லூரியில தள்ளின என் ஆய்வேட்டைச் சொல்லிக் குறிப்புப் போடணும், சக்கரவர்த்தி விளக்கத்தை எடுத்துட்டு அந்த இடத்துல 'ராயன் என்பது ஒரு சேவல்'னு மட்டும் இருக்கணும். திருத்தின பக்கம் ஒவ்வொண்ணுலயும் நெறியாளர் கையெழுத்துப் போட்டாத்தான் நூலகம் வாங்கிக்கும், அது விதி. அந்தச் சேவலுக்குக் கீழ அவர் கையெழுத்துப் போடணும். கிறிஸ்டில்டாவுக்கு நேரா அறிக்கையைத் திருப்பிக் காட்டினேன். அவ படிச்சா, ரெண்டாவது தடவ படிச்சா, அப்பத்தான் அழுதா. வராண்டாவுக்கு வந்தேன். ஜெபக்கனி வாளியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நின்னா. "நல்லா முடிஞ்சுதாம்மா? சிரிச்ச சத்தம் கேட்டுதே"ன்னு கேட்டா. அந்த வார்த்தையை அப்படியே கேட்டுட்டாளே. "நல்லா முடிஞ்சுதும்மா, உங்க மக பாஸ்"ன்னு சொன்னேன், இந்தத் தடவ பொய் இல்லை. அவ கையைப் பிடிச்சுக்கிட்டா. "வீட்டுக் கோழிதாம்மா, நீங்க சாப்பிட்டுத்தான் போகணும்"னா. ஆசிரியர் அறையில இலை போட்டிருந்துது. முதல்வர் விடாப்பிடியாக் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்ததுல அருமைநாயகமும் வந்து உக்காந்தார், தலை நிமிரலை. ஜெபக்கனி கரண்டியில கொழம்பை அலசி, தொடையைத் தேடி என் இலைக்குக் கொண்டு வந்தா. "எனக்கு வேண்டாம்மா, சாருக்கு வைங்க, ரெண்டையும் அவருக்கே வைங்க"ன்னேன். வச்சா. எல்லாரும் பார்த்துக்கிட்டிருந்தாங்க. அவரு சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தார். கடைசியில ஒரு வாய் எடுத்து வச்சார். நான் என் இலையைத் தொடாம அவர் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

"எப்படி சார் இருக்கு?"ன்னு கேட்டேன்.